வெறுப்பும் பகையும்
‘ஹேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருளாட்சியும் தமிழில் அதற்கு நேராகும் சொற்களும்

முன்னுரை

ஒரு மொழியிலுள்ள சொல்லுக்கு மற்றொரு மொழியில் நேர்ச்சொல் காணுங்கால், அவ்விரு சொற்களும் ஒரே பொருட்பரப்பை உடையன என்று கொண்டுவிடுதல் பெரும்பான்மையும் நிகழ்வது. பொருட்பெயர்களில் இதனால் வரும் இடர் சிறிது. மரம், கல், ஆறு என்பவற்றைக் கண்ணாற் கண்டு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம். உள்ளத்து உணர்வுகளைக் குறிக்கும் சொற்களிலோ அவ்வாறு திருத்திக்கொள்ளுதல் அரிது. அவ்வுணர்வுகளை ஒவ்வொரு மொழியும் தனக்குரிய முறையிற் பகுத்து வைத்துள்ளது. ஒரு மொழி ஒரு சொல்லால் அடக்கும் பரப்பை மற்றொரு மொழி நான்கு சொற்களாற் பங்கிட்டுக் கொள்ளுதலும் உண்டு.

ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் ‘ஹேட்’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்று. ‘வெறுப்பு’, ‘வெறுத்தல்’ என்பனவே அதற்கு இன்று தமிழில் பெருவழக்காய் எழுதப்படுகின்றன. ‘வெறுப்புப் பேச்சு’, ‘வெறுப்புக் குற்றம்’ முதலிய தொடர்கள் செய்தித்தாள்களிலும் சட்டம் பற்றிய உரைகளிலும் நிலைபெற்று வருகின்றன. ஒருவரது உரை குற்றமாகுமா ஆகாதா என்னும் வழக்கு இச்சொல்லின் பொருளெல்லையைப் பற்றியும் எழக்கூடும். ஆதலின், ‘ஹேட்’ என்பதன் பொருள் யாது, தமிழ் ‘வெறுப்பு’ அதனை எந்த அளவிற்குத் தாங்கும் என்பன ஈண்டு ஆராயப்படுகின்றன.

1. சொல்லின் பிறப்பு

‘ஹேட்’ என்பது ஆங்கிலத்தின் பழைய செர்மானிய அடிச்சொற்களுள் ஒன்று. பழைய ஆங்கிலத்தில் வினைச்சொல் ‘ஹாத்தியன்’ எனவும், பெயர்ச்சொல் ‘ஹெத்தெ’ எனவும் வழங்கின. பிற்காலத்தே பெயர்ச்சொல்லின் உயிரொலி வினைச்சொல்லின் ஒலிக்கு இணங்கி மாறியமையால் இரண்டும் ஒரு வடிவாயின. செர்மன் மொழியின் ‘ஹாஸ்’ இதற்கு இனச்சொல். கோதிக்கு மொழியில் இதன் இனச்சொல்லாகிய ‘ஹாத்திஸ்’ என்பதற்குச் சினம் என்பது பொருள். துயரம், கவலை என்னும் பொருளுடைய ‘கேதோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லையும் மொழிநூலார் இவ்வினத்தொடு சேர்ப்பர். துயர், சினம், பகை ஆகிய மூன்றும் ஒரு வேரினின்று கிளைத்தமை இதனாற் புலனாகும்.

‘ஹேட்ரெட்’ என்னும் மற்றொரு பெயர்ச்சொல் இடைக்கால ஆங்கிலத்தில் தோன்றியது. இதன் ஈறாகிய ‘ரெட்’, நிலைமை என்னும் பொருளுடைய பழைய விகுதியின் சிதைவு. உறவினரைக் குறிக்கும் ‘கின்ட்ரெட்’ என்னும் சொல்லிலும் இவ்விகுதியே உளது. எனவே, ‘ஹேட்ரெட்’ என்பது ஒரு கணத்தில் தோன்றி மறையும் உணர்வினைக் குறியாது, நிலைத்து நிற்கும் மனநிலையைக் குறித்து எழுந்தது என்க. வினைச்சொல் நாள்வழக்கில் எத்துணைத் தேய்ந்தபோதும் இப்பெயர்ச்சொல் மட்டும் தன் வன்மை குன்றாதிருத்தற்கு இதன் பிறப்பும் ஒரு காரணமாகலாம்.

2. ஒருபொருட் கிளவிகள்

ஆங்கிலத்தில் இவ்வுணர்வைக் குறிக்கும் பிற சொற்களின் வேர்ப்பொருளை நோக்கின் ஓர் உண்மை விளங்கும். மனத்தின் விலகலைக் குறிக்க உடலின் செயல்களே பெரிதும் உருவகமாகியுள்ளன. ‘அவர்ஷன்’ என்பது இலத்தீனில் ‘அப்பால் திரும்புதல்’ என்னும் வினையடியாகப் பிறந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ளுதலே அதன் முதற்பொருள். அம்முதற்பொருளுக்கு ஏற்ப ‘இதனின்று’ என நீக்கப்பொருள் தரும் இடைச்சொல்லே அதனொடு வரவேண்டும், ‘இதற்கு’ என்று பொருள்படும் இடைச்சொல் வருதல் வழு என 18-ஆம் நூற்றாண்டின் இலக்கணவாணர் சிலர் வாதிட்டனர். வழக்கு அவர்தம் கொள்கையை ஏலாது பின்னதையே ஏற்றது. ‘அப்ஹார்’ என்பது மயிர் சிலிர்த்துப் பின்வாங்குதலையும், ‘டிஸ்கஸ்ட்’ என்பது நாச்சுவைக்கு ஒவ்வாமையையும் அடியாகக் கொண்டன. ‘டிடெஸ்ட்’ என்பது உடற்செயலன்று. தெய்வத்தைச் சான்றாக அழைத்துப் பழித்தலாகிய சொற்செயல். தொல்லை தருதலைக் குறிக்கும் ‘அனாய்’ என்னும் எளிய சொல்லும், ‘எனக்கு வெறுப்பாயுள்ளது’ என்னும் இலத்தீன் தொடரின் வழியாகவே வந்தது. கடும்பொருட் சொல் வழக்கிற் பட்டு மெலிதற்கு இதுவே ஒரு சான்று.

‘டிஸ்லைக்’ என்னும் சொல்லின் வரலாறு தமிழர்க்குத் தனிச்சுவை பயப்பது. இதன் அடியாகிய ‘லைக்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் ‘விரும்புதல்’ பொருளன்று. ‘இன்பந்தருதல்’ என்பதே பொருள். விரும்பப்படும் பொருள் எழுவாயாகவும், விரும்புவோன் நான்காம் வேற்றுமையிலும் நின்றனர். ‘நான் அதனை விரும்புகிறேன்’ என்னும் இக்கால வாக்கியத்தின் பழைய வடிவம் ஏறத்தாழ நம் ‘எனக்கு அது பிடிக்கும்’ என்பதை ஒத்தது. இவ்வாட்சி ஷேக்ஸ்பியர் காலத்தும் முற்றும் அழிந்திலது. பின்னரே விரும்புவோன் எழுவாயானான். ‘லோத்’ என்னும் வினையும் இவ்வாறே ‘எனக்கு வெறுப்பாயிருத்தல்’ என்னும் நிலையினின்று ‘நான் வெறுத்தல்’ என்னும் நிலைக்கு மாறியது. உணர்வு தன்மேல் வந்து நிகழ்வது என்ற பார்வை, உணர்வைத் தான் செய்வது என்ற பார்வையாய் ஆங்கிலத்தில் மாறியதென இதனைக் கொள்ளலாம். தமிழில் முன்னைய பார்வை இன்றும் உயிரோடுள்ளது. இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பிற்கு இன்றியமையாதது, பின்னர் விளக்கப்படும்.

3. ‘ஹேட்’ வழங்கும் நால்வகை நிலை

இக்கால ஆங்கில வழக்கில் இச்சொல்லின் ஆட்சியை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, ஒருவர்மேலோ ஒரு கூட்டத்தார்மேலோ நிலைத்து நிற்கும் பகைமை. பிறர் கேட்டினை விரும்புதல் இதன் இயல்பு. ‘ரோமியோவும் ஜூலியத்தும்’ என்னும் நாடகத்தில் இரு குடியினரிடையே நிலவும் மாறுபாட்டிற்கு இச்சொல் ஆளப்படுவது இப்பொருளிலேயே.

இரண்டாவது, தீயதெனத் தெளிந்ததை உள்ளத்தால் முற்றும் விலக்குதல். பொய்யை, கொடுமையை, அடிமை முறையை ஒருவர் ‘ஹேட்’ செய்கிறார் என்னுமிடத்து அது பழிக்கன்று, புகழுக்கே உரியது.

மூன்றாவது, சுவையும் பழக்கமும் பற்றிய ஒவ்வாமை. ஆறிய காப்பியை, மழைநாளை, விடியலில் எழுதலைக் குறித்து வரும் ஆட்சி இத்தகையது. இங்குச் சொல்லின் வன்மை பெரிதும் தேய்ந்து, ‘டிஸ்லைக்’ என்பதைச் சிறிது மிகுத்துக் கூறும் அளவாய் நிற்கின்றது.

நான்காவது, பணிவுமொழி. ‘உங்களுக்குத் தொல்லை தர நேர்கிறதே’ என்னும் கருத்தில், செயலை முன்னிட்டு ‘ஹேட்’ என்பர். இங்கு வெறுப்பென ஓர் உணர்வே இல்லை. தயக்கமும் வருத்தமுமே உள.

இலக்கண அமைதியும் இந்நிலைகளோடு தொடர்புடையது. ‘ஹேட்’ என்னும் வினை பெயரையும், தொழிற்பெயரையும், செயவென்னெச்சத்தை ஒத்த வடிவத்தையும் கொண்டு முடியும். ‘டிஸ்லைக்’ என்பது அவ்வெச்சவடிவைப் பெரும்பாலும் ஏலாது. நான்காம் நிலையாகிய பணிவுமொழி பெரிதும் அவ்வெச்சவடிவொடு கூடியே வருதலின், அது ‘ஹேட்’ என்பதற்கே உரியதாயிற்று. ‘ஹேட்ரெட்’ என்னும் பெயர்ச்சொல்லோ மூன்றாம் நான்காம் நிலைகளில் வாராது. ஆறிய காப்பியின்மேல் ஒருவர்க்கு ‘ஹேட்ரெட்’ உண்டு என்றால் அது நகைப்பிற்கே இடமாகும். ஆகவே ஆங்கிலம் தன் வினைச்சொல்லைத் தேயவிட்டு, பெயர்ச்சொல்லைக் கடும்பொருட்கெனக் காத்துக்கொண்டது எனலாம்.

20-ஆம் நூற்றாண்டில் ‘ஹேட்’ என்னும் பெயர்வடிவம் பிற பெயர்களுக்கு முன்னின்று அடையாகப் பெருவழக்கெய்தியது. 1949-இல் வெளிவந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் புதினத்தில், மக்கள் நாள்தோறும் கூடி இரண்டு நிமிடம் எதிரியின் உருவத்தை நோக்கிக் கூச்சலிடும் சடங்கிற்கு இச்சொல்லே பெயராய் அமைந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1990-இல் இயற்றப்பட்ட புள்ளிவிவரச் சட்டத்தின் பெயரிலேயே, இன மத வேறுபாடு பற்றி நிகழும் குற்றங்களைக் குறிக்க இவ்வடை இடம்பெற்றது. இவ்வாட்சிகள் யாவும் முதல்நிலைப் பொருளையே பற்றியன.

4. தமிழில் ‘வெறுப்பு’

தமிழ் ‘வெறுப்பு’ என்னும் சொல்லின் பழம்பொருள் இன்று பலர்க்கு வியப்பளிக்கும். தொல்காப்பியர் உரியியலில் இச்சொல்லைச் செறிவு என்னும் பொருளுடைய உரிச்சொற்களுள் ஒன்றாக வைத்தார். விறப்பு, உறப்பு என்பன அதன் உடன்சொற்கள். ஆண்டு மனக்கசப்பு என்னும் கருத்துக்கு இடமே இல்லை. செறிவுப் பொருளினின்றே ‘வெறுக்கை’ என்னும் சொல் செல்வத்திற்குப் பெயராயிற்று. செறிந்து குவிந்தது செல்வமாதலின். திருக்குறளில் 600, 761, 971-ஆம் குறட்பாக்களில் ‘வெறுக்கை’ இப்பொருளில் வந்துள்ளமை காண்க. பண்புடைமை அதிகாரத்து 993-ஆம் குறளில் வரும் ‘வெறுத்தக்க’ என்பதற்குப் பரிமேலழகர் செறியத்தக்க என்றே பொருள் கொண்டார். இக்கால வழக்கு மட்டும் அறிந்தார் அக்குறளை நோக்கின், நற்பண்பு வெறுக்கத்தக்கது எனப் பொருள் கொண்டு மயங்குவர்.

அதே நூலில் மன்னரைச் சேர்ந்தொழுகல் என்னும் அதிகாரத்து 696-ஆம் குறளில் வரும் ‘வெறுப்பில’ என்பது, கேட்போனால் விரும்பப்படாதவை அல்லாதன என்னும் பொருளது. செறிவும் விருப்பமின்மையுமாகிய இரு பொருளும் ஒரே நூலுள் அருகருகே வழங்கியமை இதனாற் போதரும்.

செறிவினின்று வெறுப்புத் தோன்றிய வழி யாது? நிறைவு மிகின் தெவிட்டும், தெவிட்டியது விலக்கப்படும். ‘தெவிட்டுதல்’ என்னும் சொல்லே நிறைதலையும் நிறைந்து சலித்தலையும் ஒருங்கு குறித்தல் காண்க. ஆங்கிலத்தில் துயரங் குறிக்கும் ‘சேட்’ என்னும் சொல்லுக்குப் பழம்பொருள் ‘நிறைவெய்திய’ என்பது. நிறைவு சலிப்பாகிச் சலிப்புத் துயரமாதல் அச்சொல்லின் வரலாறு. தமிழ் ‘வெறுப்பு’ என்பதும் இவ்வழியே சென்றது என்று கருத இடமுண்டு.

இக்கருத்திற்கு அரண் செய்வது ‘முனைவு’, ‘முனிவு’ என்னும் சொற்களின் ஆட்சி. முனைவு என்பது முனிவுப் பொருளது எனத் தொல்காப்பியர் கூறுவர். பொருநராற்றுப்படையில் உயிரினங்கள் ஒரு நிலத்தில் துய்த்துச் சலித்தபின் மற்றொரு நிலத்தை நாடுதல் இச்சொல்லாற் கூறப்படுகின்றது. அங்கே பகை இல்லை, சினம் இல்லை. போதும் என்ற மனத்தின் விலகலே உளது. கணியன் பூங்குன்றனார் பாட்டில், வாழ்வைத் துன்பமென்று ஒதுக்கும் மனநிலைக்கு ‘முனிவு’ ஆளப்பட்டது. மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாட்டின் வேறாக எண்ணப்பட்ட முப்பத்திரண்டனுள் ‘முனிதல்’ ஒன்று. பேராசிரியர் அதனை வெறுத்தல் என விளக்கி, அருளும் சினமும் அல்லாத இடைப்பட்ட நிலையாகக் கொள்வர். உரையாளரின் இந்நுட்பம் பெரிதும் போற்றத்தக்கது. சினம் பிறனை நோக்கிச் செல்வது. முனிதல் பொருளினின்று தன்னை வாங்கிக்கொள்வது.

‘உலக வாழ்வில் வெறுப்புற்றுத் துறந்தார்’ என்று நாம் இன்றும் கூறுகிறோம். வேண்டுதலும் வேண்டாமையும் இல்லாத நிலையை இறைவற்கு ஏற்றிக் கூறிய குறளுக்கு உரை காண்போர் ‘விருப்பு வெறுப்பு’ என்னும் இணைச்சொல்லையே ஆள்வர். இவ்விடங்களிலெல்லாம் வெறுப்பு என்பது வெறுப்பவன் அகத்தே நிகழும் விலகல். வெறுக்கப்படும் பொருளுக்கு அதனால் கேடு விளைய வேண்டும் என்னும் எண்ணம் சொல்லின் உட்பொருளாக இல்லை.

5. பகை, செற்றம், இளிவரல்

பிறரை எதிர்த்து நிற்றலாகிய பொருட்குத் தமிழ் வேறு சொற்களை வகுத்துள்ளது. அவற்றுள் தலைமையானது ‘பகை’. பகுத்தல் என்னும் வினையோடு இதனை இயைத்துக் காண்பர்; ஒன்றாயிருந்தது இரண்டாய்ப் பிரிந்து எதிர்நிற்றல் பகை. ‘இகல்’ என்பது மாறுபாடு. ‘செற்றம்’ என்பது நெடுங்காலம் நெஞ்சிற் கொண்டிருக்கும் பகை என்பது உரையாளர் கொள்கை. ‘கறுவு’ என்பதும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் பகையே. திருவள்ளுவர் இகல், பகைமாட்சி, பகைத்திறந்தெரிதல், உட்பகை என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்தார். வெகுளாமைக்குத் தனியே ஓர் அதிகாரம் வைத்தார். வெறுப்பிற்கென அதிகாரம் ஒன்றும் வகுத்திலர். சமுதாய வாழ்விற்குக் கேடு சூழ்வது பகை என்பதே அவர்தம் வைப்புமுறையால் தெரிகின்றது.

உடலால் உணரப்படும் ஒவ்வாமைக்கு ‘அருவருப்பு’ என்னும் சொல் உண்டு. எண்வகை மெய்ப்பாட்டுள் ஒன்றாகிய ‘இளிவரல்’ இதனோடு தொடர்புடையதாயினும் முற்றும் ஒன்றன்று. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன அதன் நிலைக்களன்கள். இவை இழிவுணர்வைப் பிறப்பிப்பன. தன்கண் தோன்றியது பற்றியும் பிறன்கண் தோன்றியது பற்றியும் இளிவரல் நிகழும். எனவே, ஆங்கில ‘டிஸ்கஸ்ட்’ என்பதனோடு இதனை அப்படியே நேர்ப்படுத்தல் ஆகாது.

சினத்திற்கும் பகைக்கும் உள்ள வேற்றுமையை அரிஸ்டாட்டில் தம் ‘அணியிலக்கணம்’ என்னும் நூலின் இரண்டாம் பகுதியில் தெளிவாக்கினார். சினம் தனக்குத் தீங்கு செய்த ஒருவனை நோக்கியே எழும். பகையோ ஒரு வகையினர் அனைவரையும் நோக்கி எழக்கூடும். சினம் காலத்தால் ஆறும், பகை ஆறாது. சினங்கொண்டவன் தன்னாற் சினக்கப்பட்டவன் துன்புறுதலை விரும்புவான். பகைத்தவனோ அவன் இல்லாதொழிதலை விரும்புவான். ஒரு வகையினர் அனைவரையும் நோக்கியது, காலத்தால் ஆறாதது, அழிவை வேண்டுவது என்னும் இம்மூன்று இயல்பும் தமிழில் ‘பகை’, ‘செற்றம்’ என்பவற்றின்பாற் படுமேயன்றி ‘வெறுப்பு’ என்பதன்பால் இயல்பாகப் படா.

6. விவிலிய மொழிபெயர்ப்பு காட்டும் நெறி

இவ்வேறுபாட்டை ஏட்டளவினதாக எண்ணற்க. நூற்றாண்டுகளாகத் தமிழில் நடந்த பெரும் மொழிபெயர்ப்புப் பணியொன்றில் இஃது இயல்பாகப் பின்பற்றப்பட்டுள்ளது. 1871-இல் நிறைவெய்திய, ஹென்றி போவர் முதலியோர் திருத்திய தமிழ் விவிலியத்தை ஈண்டு நோக்கலாம். 1611-ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம் எபிரேய, கிரேக்கச் சொற்களுக்குப் பல இடங்களில் ‘ஹேட்’ என்னும் ஒரு சொல்லையே இட்டுச் சென்றது. தமிழ் மொழிபெயர்ப்பாளரோ இடம் நோக்கிச் சொற்களைப் பகுத்தனர்.

மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் எதிரிகளைப் பற்றிக் கூறுமிடத்தும், யோவான் 15-ஆம் அதிகாரத்தில் உலகம் சீடர்மேற் கொள்ளும் எதிர்ப்பைக் கூறுமிடத்தும் ‘பகைத்தல்’ என்னும் வினை வந்துள்ளது. யோவான் 12-ஆம் அதிகாரத்தில் ஒருவன் இவ்வுலகில் தன் உயிர்மேற் பற்றொழிதலைக் கூறுமிடத்தும், ஆமோஸ் 5-ஆம் அதிகாரத்தில் தீமையை விலக்குதலைக் கூறுமிடத்தும் ‘வெறுத்தல்’ வந்துள்ளது. தன் உயிரை ஒருவன் ‘பகைத்தான்’ என எழுதின் பொருள் திரிந்திருக்கும்.

லூக்கா 14-ஆம் அதிகாரத்தில், தாய் தந்தையரை ‘ஹேட்’ செய்யாதவன் தம் சீடனாகான் என்று இயேசு கூறும் பகுதி ஆங்கிலம் பயில்வாரைத் திடுக்கிடச் செய்வது. எபிரேய மரபில் அச்சொல் ‘குறைவாக அன்பு செய்தல்’ என்னும் ஒப்பீட்டுப் பொருளிலும் வரும். இக்கருத்தையே கூறும் மத்தேயு 10-ஆம் அதிகாரப் பகுதி, ‘என்னைவிட மிகுதியாக நேசித்தல்’ என்று ஒப்பீட்டு வாய்பாட்டாலேயே அமைந்துள்ளது. தமிழில் லூக்காவின் பகுதிக்கு ‘வெறுத்தல்’ ஆளப்பட்டமையால், பற்றொழித்தல் என்னும் பொருளும் ஒருவாறு புலனாகின்றது. பெற்றோரைப் பகைக்க வேண்டும் என்னும் விபரீதப் பொருளுக்கு இடமில்லை.

இவற்றினும் நுண்ணிது ஆதியாகமம் 29-ஆம் அதிகாரத்தது. யாக்கோபு தன் இரு மனைவியருள் லேயாளைவிட ராகேலையே மிக நேசித்தான். லேயாளின் நிலையை ஆங்கிலம் ‘ஹேட்’ என்பதன் செயப்பாட்டு வடிவாற் கூற, தமிழ் அவள் அற்பமாய் எண்ணப்பட்டாள் என்னும் கருத்துப்படக் கூறிற்று. வெறுப்பும் இல்லை, பகையும் இல்லை. மதிப்புக் குறைவே உளது எனத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கண்டனர்.

இவ்வரையறைக்கு மாறாக வருவனவும் சில உள. பிரம்பைக் கையாளாத தந்தையைப் பற்றிய நீதிமொழிகள் 13-ஆம் அதிகாரத் தொடரில், அவன் மகனுக்குப் பகைவனாகிறான் என்னும் கருத்துப்படப் பகைத்தல் வந்துள்ளது. ஆயினும் ஆண்டும் உணர்வைச் சுட்டாது, செயலால் விளையும் கேட்டையே அது சுட்டிற்று எனக் கொள்ளின் பொருந்தும். கேடு சூழ்தல் உள்வழிப் பகை. விலகல் உள்வழி வெறுப்பு.

7. பிடியாமை

மூன்றாம் நான்காம் நிலைகளுக்குத் தமிழில் வெறுத்தல் என்னும் வினையே வேண்டப்படுவதன்று. ‘எனக்குக் காப்பி பிடிக்காது’, ‘மழை என்றாலே எனக்கு ஆகாது’, ‘அவர் பேச்சு எனக்குக் கசக்கிறது’ என்பன வழக்கு. இவற்றில் உணர்வோன் நான்காம் வேற்றுமையில் நிற்கின்றான். உணர்வு அவன் செய்வதன்று, அவனுக்கு நிகழ்வது. முற்கூறிய பழைய ஆங்கில அமைப்பும் இதுவே. இதனை உணராது, ‘நான் மழையை வெறுக்கிறேன்’, ‘நான் விடியலில் எழுதலை வெறுக்கிறேன்’ என்று மொழிபெயர்ப்போர் எழுதும்போது இரு குறைகள் நேர்கின்றன. நிகழ்வது செய்வதாக மாறுகிறது. சிறிய ஒவ்வாமை பெருங்கசப்பாக வீங்குகிறது.

பணிவுமொழியில் இக்குறை இன்னும் வெளிப்படை. ‘தங்களைத் தொல்லைப்படுத்துவதை வெறுக்கிறேன்’ என்று தமிழ் மகன் எவனும் கூறான். ‘தங்களுக்குத் தொல்லை தர மனம் வரவில்லை’ என்றோ, ‘தொல்லைக்குப் பொறுத்தருள வேண்டும்’ என்றோ கூறுவான். ‘மனம் வரவில்லை’ என்னும் தொடர், ஆங்கிலச் சொல் அவ்விடத்துக் குறிக்கும் தயக்கத்தை முழுதும் தருகின்றது.

8. சட்டத்தின்கண்

இனி, இச்சொற்பொருளாராய்ச்சி மக்கள் வாழ்வைத் தொடும் இடத்திற்கு வருவோம். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1870-இல் சேர்க்கப்பட்ட 124-அ பிரிவு, அரசின்மேல் ‘டிஸ்அஃபெக்ஷன்’ எழுப்புதலைக் குற்றமாக்கியது. ‘அஃபெக்ஷன்’ என்பது அன்பு. அதன் எதிர்மறைக்கு எல்லை யாது? அன்பின்மையா, வெறுப்பா, பகையா? 1891-இல் கல்கத்தா உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி பெத்தெரம், அது அன்பிற்கு மாறான உணர்வு, அஃதாவது ‘டிஸ்லைக்’ அல்லது ‘ஹேட்ரெட்’ என்று விளக்கி, செயல்களை ஒவ்வாமை கூறுதலை அதனினும் வேறாகப் பிரித்தார். 1897-இல் பாலகங்காதர திலகர் வழக்கை விசாரித்த பம்பாய் நீதிபதி ஸ்ட்ரேச்சி, அன்பின்மை மாத்திரையே அச்சொல்லின் பொருள் எனக் கூறி, வெறுப்பு, பகை, அவமதிப்பு முதலிய எல்லாத் தீயெண்ணங்களையும் அதனுள் அடக்கினார். திலகர் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். 1898-இல் பிரிவு திருத்தப்பட்டு, ‘ஹேட்ரெட்’ என்னும் சொல்லே வெளிப்படையாக இடம்பெற்றது. அதே ஆண்டில் மக்கட் பிரிவினரிடையே பகையும் வெறுப்பும் எழுப்புதலைக் குறித்த 153-அ பிரிவும் சேர்க்கப்பட்டது.

1908-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் திருநெல்வேலியில் 124-அ பிரிவின்கீழ்த் தண்டிக்கப்பட்டனர். அவர்கள் தமிழில் ஆற்றிய சொற்பொழிவுகள் ஆங்கிலச் சட்டச் சொற்களைக் கொண்டு அளக்கப்பட்டன. பேசியது ஒரு மொழி. அளந்தது மற்றொரு மொழி. அயலாட்சியை விலக்க வேண்டும் என்னும் முனிவும், ஆள்வோரை அழிக்க வேண்டும் என்னும் பகையும் அவ்வளவுகோலில் ஒன்றாகவே நின்றன. சொற்களின் எல்லை மயங்குதலால் வரும் கேடு எத்தகையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

விடுதலைக்குப்பின் 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் இப்பிரிவின் பொருளை, வன்முறைக்கோ பொது அமைதிக் குலைவிற்கோ தூண்டுதல் என்னும் அளவிற்குச் சுருக்கியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 124-அ பிரிவிற்கு ஈடாக நிற்கும் 152-ஆம் பிரிவில் ‘ஹேட்ரெட்’, ‘டிஸ்அஃபெக்ஷன்’ என்னும் சொற்கள் இடம்பெறவில்லை. பிரிவினரிடையே பகையெழுப்புதலைக் குறித்த 196-ஆம் பிரிவில் ‘ஹேட்ரெட்’ தொடர்ந்து உள்ளது.

பிற நாட்டு நீதிமன்றங்களும் இச்சொல்லைச் சுருக்கியே பொருள் கொள்ள வேண்டியதாயிற்று. கனடாவின் உச்சநீதிமன்றம் 1990-இல் கீக்ஸ்ட்ரா வழக்கில், சட்டம் கூறும் ‘ஹேட்ரெட்’ என்பது மிகக் கடுமையான, பிறரை இழிவுபடுத்தி முற்றும் ஒதுக்கும் உணர்வே என்றது. வெறும் ஒவ்வாமை அதனுள் அடங்காது. அன்றாட வழக்கில் தேய்ந்த ஒரு சொல்லினத்தைச் சட்டத்தில் வைத்தமையால், நீதிபதிகள் அதன் பழைய வன்மையை வரையறையால் மீட்க நேர்ந்தது.

தமிழில் இவ்வரையறையின் பெரும்பகுதியைச் சொல்லே செய்து தரும். ‘பகை மூட்டுதல்’ என்பது மக்கள் வழக்கிலுள்ள தொடர். மூட்டுவோன் ஒருவன், மூட்டப்படும் தீ, அதனால் எரியும் இரு தரப்பு ஆகிய அனைத்தும் அத்தொடரில் அடங்கியுள்ளன. சட்டம் விலக்க விரும்புவதும் இதுவே. ‘வெறுப்புப் பேச்சு’ என்பதோ, பேசுவோன் தன் வெறுப்பை வெளியிடுதல் எனவும் பொருள்பட்டு நிற்கும். ஒருவன் ஒரு கொள்கையை வெறுத்தலும், ஒரு கொடுமையை வெறுத்தலும், ஓர் ஆட்சியை வெறுத்தலும் அறத்தின்பாற் படுதல் கூடும். அவற்றையும் பகை மூட்டுதலையும் ஒரு பெயரால் அழைப்பின், 1897-இல் ஆங்கிலச் சொல்லால் நேர்ந்த மயக்கம் தமிழ்ச் சொல்லாலும் நேர்தற்கு வழி திறந்தவாறாம்.

‘வெறுப்புப் பேச்சு’ என்பது இப்பொழுது வழக்கில் வேரூன்றிவிட்டது, வழக்கே வலியுடைத்து என்பார் கூற்றும் எண்ணத்தக்கதே. வெறுப்பு என்னும் சொல் இக்காலத்தே வன்மை மிக்கு வருதலும் உண்மை. செறிவினின்று சலிப்பிற்கும், சலிப்பினின்று மனக்கசப்பிற்கும் வந்த சொல், பகைக்கும் செல்லுதல் இயலாததன்று. ஆயினும் செய்தித்தாளின் வழக்கு வேறு. ஒருவனைச் சிறைக்கு அனுப்பும் சட்டத்தின் வழக்கு வேறு. பின்னதில் ‘பகை மூட்டும் பேச்சு’ என்னும் தொடரே தக்கது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ‘ஹேட்’ என்னும் ஒரு சொல் ஆங்கிலத்தில் நால்வகை நிலையில் வழங்குகின்றமையும், தமிழ் அவற்றைப் பகை, வெறுப்பு, பிடியாமை, மனம் வாராமை எனப் பகுத்து வழங்குகின்றமையும் பெறப்பட்டன. இப்பகுப்பின் அடிப்படை உணர்வின் அளவு மட்டுமன்று, அது செல்லும் திசையுமாம். வெறுப்புத் தன்னைப் பொருளினின்று மீட்டுக்கொள்வது; பகை பிறன்மேற் செல்வது. அகராதி தொகுப்போர் ‘ஹேட்’ என்பதற்கு நேரே ‘வெறுப்பு’ என ஒரு சொல்லை வாளா எழுதிவிடாது, நால்வகை ஆட்சியையும் எடுத்துக்காட்டுடன் தனித்தனியே காட்டுதல் வேண்டும். ‘ஹேட்ரெட்’ என்பதற்குப் பகைமை, செற்றம் என்பவற்றை முன்வைத்து, வெறுப்பைப் பின்வைத்தல் தகும். முனிதலைச் சினத்தின் வேறாகப் பிரித்துணர்ந்த பேராசிரியரின் நுண்மாண் நுழைபுலம், இற்றைச் சட்டச் சொல்லாக்கத்திற்கும் வழிகாட்டியாய் நிற்றல் காண்க.